சண்டை வந்தால் எந்தப் பெட்டி தாங்கும்? ரோக்கு, ஃபயர் டிவி, கூகுள், ஆப்பிள்

எங்கள் அம்மா ரிமோட்டைப் பார்த்து இயக்குவதில்லை, எண்ணி இயக்குவார். பாளையங்கோட்டையிலிருந்து நியூ ஜெர்சிக்கு வந்திறங்கிய இரண்டாம் நாளே ஒரு கணக்குப் போட்டு வைத்துக்கொண்டார். வீட்டுப் படம் போட்ட பட்டன், கீழே ஒரு தட்டு, வலது பக்கம் நாலு தட்டு, நடுவில் ஒரு அமுக்கு. சன் நெக்ஸ்ட் வந்துவிடும். இரண்டு மாதம் இந்தக் கணக்கு பிசகவில்லை. மூன்றாவது மாதம் ஒரு நாள் நான் மீட்டிங்கில் இருக்கும்போது போன் வந்தது. "ஏல, நாலு தட்டுதான் தட்டினேன். எவனோ துப்பாக்கியோட வாரான்." ராத்திரியோடு ராத்திரியாக அப்டேட் ஏறி, ஆப் வரிசைக்கு மேலே புதிதாக ஒரு விளம்பர வரிசை முளைத்திருந்தது. அம்மா போய் நின்ற கட்டத்தில் யாரோ காசு கொடுத்து இடம் பிடித்திருந்தார்கள்.

டிவியில் சொருகி ஆப் பார்க்கிற அந்தப் பெட்டியின் பெயர் இங்கே வேண்டாம். அதற்கு வயதும் ஆகிவிட்டது. தேங்க்ஸ்கிவிங் தள்ளுபடி நெருங்கிக்கொண்டிருந்ததால் ஹால் டிவிக்குப் புதிதாக ஒன்று வாங்கிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அமெரிக்கக் கடைகளில் பெயர்கள் நிறைய இருந்தாலும் உள்ளே பார்த்தால் முக்கியமாக நாலு கட்சிதான்: ரோக்கு, அமேசானின் ஃபயர் டிவி, கூகுள் டிவி, ஆப்பிள் டிவி. வால்மார்ட் 'ஆன்' என்ற பெயரில் விற்கும் பெட்டிக்குள் இருப்பதும் கூகுள்தான். நாலிலும் வெவ்வேறு காலத்தில் கை வைத்திருக்கிறேன், எல்லாவற்றிலும் ஒரே அளவுக்கு இல்லை. அதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

எல்லாரும் எழுதுகிற ஒப்பீட்டை முதலில் முடித்துவிடுவோம். 4கே படம் நாலிலும் வரும். குரல் ரிமோட் நாலிலும் உண்டு. நெட்ஃபிளிக்ஸ், யூடியூப், பிரைம் வீடியோ இன்றைய தேதிக்கு நாலிலும் ஓடும். விலையில் ரோக்கு, ஃபயர் ஸ்டிக்குகள் தள்ளுபடியில் 30 டாலருக்குள் வந்துவிடும், கூகுள் டிவி ஸ்ட்ரீமர் 100 டாலர், ஆப்பிள் 129. விலையை மட்டும் பார்த்தால் இந்தக் கட்டுரையே தேவையில்லை.

"இன்றைய தேதிக்கு" என்று சொன்னேன் இல்லையா, என் கவலை முழுக்க அந்தச் சொல்லில்தான். பத்து வருடமாகப் பெட்டி செய்பவர்களும் ஆப் செய்பவர்களும் மாறி மாறி மோதிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு மோதலிலும் யாருடைய ஹாலிலோ ஒரு ஆப் காணாமல் போகிறது. நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதில்லை. 2011-ல் அரசு கேபிள் மறுபடி தொடங்கியபோது கனெக்‌ஷன் வந்தது, சன் டிவி வரவில்லை. அந்த நாட்களில் தெருவுக்குத் தெரு நடந்த பேச்சு ஞாபகம் இருப்பவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே நான் பார்த்தது ஒரே விஷயம்தான். பெட்டி செய்கிற கம்பெனிக்கு லாபம் பெட்டியிலா, ஆப்பிலா? கோயம்பேட்டில் கமிஷன் மண்டிக்காரர் கடைக்குள் நுழைய யாரிடமும் காசு கேட்பதில்லை. சரக்கு விற்றால் அதில் அவருக்குப் பங்கு. பங்கு ஒத்துவரவில்லை என்றால் சரக்கு கடைக்கு வராது. அவரே தோட்டமும் வைத்திருந்தால் எந்தக் கூடையை முன்னால் வைப்பார் என்று சொல்ல வேண்டுமா? சண்டை எங்கே வெடிக்கும், வெடித்தால் எந்தச் சரக்கு மறையும் என்பதை இந்தக் கணக்கு ஓரளவு சொல்லிவிடும்.

இந்தக் கணக்கை முதலில் போட்டவர் நெட்ஃபிளிக்ஸின் ரீட் ஹேஸ்டிங்ஸ் என்று நினைக்கிறேன். 2007-ல் நெட்ஃபிளிக்ஸ் தனக்கென்று ஒரு பெட்டியைத் தயாரித்துக்கொண்டிருந்தது. உள்ளே அதற்குப் பெயர் பிராஜெக்ட் கிரிஃபின். பொறுப்பில் இருந்தவர் ஆன்டனி வுட். பெட்டி கிட்டத்தட்டத் தயார். வெளியிட வேண்டிய நேரத்தில் ஹேஸ்டிங்ஸ் நிறுத்திவிட்டார். நாமே பெட்டி விற்றால், நம் ஆப்பைத் தங்கள் சாதனத்தில் ஏற்ற வேண்டிய மற்றவர்கள் நம்மைப் போட்டியாளராகப் பார்ப்பார்கள் என்பது அவர் பயம். வேலை முழுவதும் வுட்டின் சொந்தக் கம்பெனியான ரோக்குவுக்குப் போனது, 2008 மே மாதம் அந்தப் பெட்டி 99.99 டாலருக்குக் கடைக்கு வந்தது. ரோக்கு என்றால் ஜப்பானிய மொழியில் ஆறு, அது வுட்டின் ஆறாவது கம்பெனி. ஆப் செய்பவர் பெட்டி விற்கக் கூடாது என்று ஹேஸ்டிங்ஸ் ஒதுக்கியதை, அமேசானும் கூகுளும் ஆப்பிளும் தைரியமாகச் செய்தன. ரோக்குவுமே பின்னாளில் சொந்தமாக ரோக்கு சேனல் என்று ஒன்றைத் தொடங்கியது.

ரோக்குவிலிருந்தே ஆரம்பிப்போம். எளிமையில் அதை அடிக்க ஆளில்லை. ஐந்து வருடம் வைத்திருந்தேன், சிலவகை ரிமோட்டில் ஹெட்போன் சொருகும் ஓட்டை இருக்கும், ராத்திரி கிரிக்கெட் பார்க்க அதைப் போல வசதி வேறில்லை. ஆனால் ரோக்கு பெட்டியை அசலுக்கும் கீழே விற்கிற காலாண்டுகள் உண்டு. வருமானம் விளம்பரத்திலும் சந்தாப் பங்கிலும்தான். ஆப்பில் வரும் சந்தாவில் 20 சதவீதம், விளம்பர நேரத்தில் 30 சதவீதம் என்பது தொழிலில் பரவலாகச் சொல்லப்படும் ஆரம்பப் பேரம். பெரிய கம்பெனிகள் இதற்குத் தலையாட்டுமா?

2020-ல் பார்த்தோம். மே 27-ம் தேதி வார்னரின் ஸ்ட்ரீமிங் சேவையான ஹெச்பிஓ மேக்ஸ் தொடங்கியது, ரோக்குவில் இல்லை. அப்போது ரோக்குவில் சுமார் 4 கோடிக் கணக்குகள். ஜூலையில் அதே மாதிரி இன்னொரு சேவையான பீகாக் நாடு முழுவதும் வந்தது, அதுவும் இல்லை. பீகாக் செப்டம்பரில் சமாதானமாகிவிட்டது, ஹெச்பிஓ மேக்ஸ் இழுத்தது. டிசம்பர் தொடக்கத்தில் வார்னர் தன் 2021 படங்களை எல்லாம் தியேட்டரில் வரும் அன்றே ஹெச்பிஓ மேக்ஸிலும் விடுவதாக அறிவித்தது. வொண்டர் உமன் 1984 கிறிஸ்துமஸ் அன்று வர வேண்டும். அந்த அறிவிப்புக்கு இரண்டு வாரத்துக்குள், டிசம்பர் 16-ல், ரோக்குவுடன் கையெழுத்தானது. ஏழு மாதம் தீராத பேச்சு ஒரு படத்தின் தேதியால் தீர்ந்தது என்று நான் நினைக்கிறேன். இரு தரப்பும் அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை.

அடுத்த வருடம் நடந்தது இன்னும் பெரிய மோதல். 2021 ஏப்ரல் 26 அன்று ரோக்கு தன் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியது: யூடியூப் டிவி, அதாவது மாதக் கட்டணத்துக்கு நேரடி சேனல்களைக் காட்டும் கூகுளின் சேவை, போய்விடக்கூடும் என்று. ரோக்குவின் குற்றச்சாட்டு இரண்டு. ஒன்று, ரோக்குவில் தேடினால் யூடியூப் முடிவுகளுக்குத் தனி வரிசை வேண்டும் என்று கூகுள் கேட்கிறது. இரண்டு, பெட்டிக்குள் என்ன சிப் வைக்க வேண்டும் என்பதையும் கூகுள் சொல்கிறது. இந்த இரண்டாவதைக் கவனியுங்கள். ஏவி1 என்கிற வீடியோச் சுருக்க முறை குறைந்த டேட்டாவில் அதே தரத்தைக் கொடுக்கும், ஆனால் அதை விரிக்கத் தெரிந்த சிப் வேண்டும். அந்தச் சிப் போட்டால் மலிவுப் பெட்டியின் விலை ஏறும். 30 டாலர் ஸ்டிக்கில் சில டாலர் ஏறுவது ரோக்குவுக்கு உயிர் பிரச்சினை, கூகுளுக்குத் தன் டேட்டா செலவு பிரச்சினை. வெளியே பார்க்கத் தொழில்நுட்பச் சண்டை, உள்ளே யார் செலவு செய்வது என்கிற சண்டை.

கூகுள் எல்லாவற்றையும் மறுத்தது. ஏப்ரல் 30-ல் ஒப்பந்தம் முடிந்ததும் ரோக்கு தன் கடையிலிருந்து யூடியூப் டிவியை எடுத்துவிட்டது. ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு ஓடியது, புதிதாக இறக்க முடியாது. ஒரு வாரம்தான். கூகுள் என்ன செய்தது தெரியுமா? சாதாரண யூடியூப் ஆப்புக்குள்ளேயே யூடியூப் டிவிக்குப் போகும் ஒரு கதவைத் திறந்துவிட்டது. வாசலை அடைத்தால் கொல்லைப்புறம் வழியாக வருவேன் என்கிற மாதிரி. ரோக்கு கட்டுப்பாடில்லாத ஏகபோகம் என்று கொதித்தது. அக்டோபரில், டிசம்பர் 9-க்குப் பிறகு புதிய ரோக்குவில் யூடியூபே கிடைக்காது என்கிற நிலை வந்தது. டிசம்பர் 8-ல், கெடுவுக்கு ஒரு நாள் முன்னால், பல வருட ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். விவரம் எதையும் வெளியே சொல்லவில்லை.

ரோக்கு ஆதரவாளர்கள் ஒரு நியாயம் சொல்வார்கள்: நாலு பேரில் ரோக்கு ஒன்றுதான் யூடியூப், பிரைம் மாதிரிப் பெரிய சேவை எதையும் சொந்தமாக வைத்திராத கம்பெனி, ஆகவே நடுநிலை என்று. பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கைவசம் பெரிய சரக்கு இல்லாததால்தான் ஒவ்வொரு பேரத்திலும் அது பிடிவாதமாக நிற்க வேண்டியிருக்கிறது. விட்டுக்கொடுத்தால் வருமானத்துக்கு வேறு வழியில்லை.

ஃபயர் டிவி பற்றிச் சுருக்கமாக. அமேசானுக்குக் கடையும் உண்டு, பெட்டியும் உண்டு, பிரைம் வீடியோவும் உண்டு. 2015 அக்டோபரில் அது தன் கடையில் கூகுளின் க்ரோம்காஸ்ட்டையும் ஆப்பிள் டிவியையும் விற்க மாட்டேன் என்றது. காரணம்: இந்தப் பெட்டிகளில் பிரைம் வீடியோ சரியாக ஓடாது, வாங்குபவர்கள் குழம்பிப்போவார்கள். அந்தப் பெட்டிகளுக்கு பிரைம் வீடியோ ஆப்பைச் செய்து கொடுக்க வேண்டியவர் யார் என்று யோசித்தால் சிரிப்பு வரும். கூகுள் சும்மா இருக்கவில்லை. 2017 டிசம்பரில், புத்தாண்டு முதல் ஃபயர் டிவியில் யூடியூப் கிடையாது என்று அறிவித்தது. அமேசான் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரை ஃபயர் டிவிக்குள் கொண்டுவந்து, அதில் யூடியூப் தளத்தைத் திறந்துகொள்ளுங்கள் என்று வழி காட்டியது. ரிமோட்டை வைத்துக்கொண்டு பிரவுசரில் வீடியோ தேடியவர்களுக்குத் தெரியும் அந்தக் கஷ்டம். 2019 ஜூலை 9-ல்தான் யூடியூப் ஆப் ஃபயர் டிவிக்குத் திரும்பியது, அதே நாளில் பிரைம் வீடியோ க்ரோம்காஸ்ட்டுக்குப் போனது. ஒன்றரை வருடம். அதற்குள் ஒரு ஸ்டிக்கின் ஆயுளில் பாதி போய்விடும்.

இந்தக் கதைகளில் என்னை அதிகம் உலுக்கியது வேறொன்று. அமேசானில் பிரைம் வீடியோவுக்குள்ளேயே மற்ற சந்தாக்களையும் வாங்கலாம், ஒரே பில்லில் வந்துவிடும். வசதிதான். 2021 செப்டம்பரில் ஹெச்பிஓ அந்த ஏற்பாட்டிலிருந்து விலகியது. அதன் வழியாகச் சந்தா வைத்திருந்த சுமார் 50 லட்சம் பேர் ஒரே நாளில் அறுபட்டார்கள். பெட்டி இருந்தது, ஆப்பும் இருந்தது, போனது சந்தா. மறுபடி நேரடியாகச் சேர வேண்டியதாயிற்று. 2022 டிசம்பரில் ஹெச்பிஓ மேக்ஸ் திரும்ப வந்தது என்பது வேறு விஷயம். அன்றிலிருந்து எந்தச் சந்தாவையும் பெட்டி வழியாக நான் கட்டுவதில்லை.

கூகுள் பெட்டியை ஒரு நண்பன் வீட்டில் ஒரு வாரம் பார்த்துக்கொண்டதோடு சரி, அதனால் நாள்பட்ட உழைப்பு பற்றி நான் தீர்ப்பு சொல்லக் கூடாது. வேகமாக இருந்தது. யூடியூப் இதிலிருந்து ஒருநாளும் போகாது என்பது பெரிய நிம்மதி, எதிராளியே வீட்டுக்காரராக இருக்கும்போது யார் வெளியேற்றுவார்கள்? மற்ற ஆப்கள் கூகுளோடு சண்டை போட்டு வெளியேறிய பெரிய கதை டிவி பக்கம் எனக்கு ஞாபகமில்லை. ஆனால் பராமரிப்பு எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. 2024 ஆகஸ்ட்டில் க்ரோம்காஸ்ட் பெயருக்கே முழுக்குப் போட்டார்கள். 2025 மார்ச்சில் இரண்டாம் தலைமுறை க்ரோம்காஸ்ட்டுகள் உலகம் முழுக்க ஒரே நேரத்தில் படுத்தன. உள்ளே இருந்த ஒரு பாதுகாப்புச் சான்றிதழுக்குப் பத்து வருட ஆயுள், அது முடிந்ததை யாரும் கவனிக்கவில்லை. சில நாளில் சரிசெய்துவிட்டார்கள். பத்து வருடப் பொருளையும் சரிசெய்தார்களே என்று பாராட்டலாம், யாரும் கவனிக்காமல் விட்டார்களே என்று கடுப்பும் ஆகலாம். எனக்கு இரண்டும்.

கூகுளின் நிஜமான சண்டை நம் ஹாலில் நடப்பதில்லை, டிவி செய்கிற தொழிற்சாலையில் நடக்கிறது. அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது இந்தியா. தம்பி பாளையங்கோட்டையில் டிவி வாங்கியபோது தனிப் பெட்டி என்கிற பேச்சே இல்லை, டிவிக்குள்ளேயே எல்லாம் இருந்தது. பல இந்திய வீடுகளில் இப்போது அப்படித்தான். டிவி கம்பெனிக்கு பிளே ஸ்டோர் வேண்டும் என்றால் கூகுளின் ஆப் மூட்டையை முழுதாக ஏற்ற வேண்டியிருந்தது. கூடவே இன்னொரு உறுதிமொழி: கூகுள் ஒப்புக்கொள்ளாத, ஆண்ட்ராய்டை மாற்றியமைத்த வடிவம் எதையும் தன் சாதனங்களில் போடக் கூடாது என்று. அமேசானின் ஃபயர் அப்படிப்பட்ட மாற்றுதான். ஆக ஒரு கம்பெனி ஒரு மாடலில் கூகுளும் இன்னொரு மாடலில் ஃபயரும் போட்டு விற்பது கஷ்டமாக இருந்தது. குறைந்தது ஏழு தயாரிப்பாளர்கள் இந்த ஒப்பந்தங்களைக் காட்டித் தயங்கினார்கள் என்று அமேசானே இந்தியப் போட்டி ஆணையத்திடம் சொல்லியிருக்கிறது. இரண்டு வழக்கறிஞர்கள் கொடுத்த புகாரில் 2021 ஜூனில் ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது. 2025 ஏப்ரலில் கூகுள் சமரசத்துக்கு வந்தது: 20.24 கோடி ரூபாய், அதோடு இந்தியாவில் விற்கும் ஆண்ட்ராய்டு டிவிகளுக்கு பிளே ஸ்டோரையும் அதன் சேவைகளையும் மூட்டை இல்லாமல் தனி உரிமமாகக் கொடுப்பது. திருத்தப்பட்ட போட்டிச் சட்டத்தில் சமரசம் மூலம் முடிந்த முதல் வழக்கு இது. 20 கோடி கூகுளுக்குப் பாக்கெட் மணி. தனி உரிமம் என்கிற இரண்டாவது பகுதிதான் கனமானது.

இனி ஆப்பிள். நான் வாங்கியது இதைத்தான், அதனால் என் பேச்சில் சாய்வு இருக்கும். மூன்று மாத அனுபவம்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

129 டாலர் கொடுக்கும்போது கை நடுங்கியது உண்மை. அந்தக் காசுக்கு நாலு ரோக்கு ஸ்டிக் வாங்கி வீட்டிலுள்ள எல்லா டிவிக்கும் சொருகலாம். ஆனால் அந்த விலையில் லாபம் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. ஆப்பிள் தன் பங்கை முதலிலேயே என்னிடம் வாங்கிவிட்டது. அதனால் அம்மாவின் நாலாவது கட்டத்தை இன்னொருவருக்கு வாடகைக்கு விட வேண்டிய அவசரம் அதற்குக் குறைவு.

ஆப்பிளுக்குச் சண்டையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. சண்டை நிறைய உண்டு, ஆனால் வகை வேறு. ஆப்பிள் சண்டை போடுவது கமிஷனுக்கு. ஆப்புக்குள் சந்தா கட்டினால் முதல் வருடம் 30 சதவீதம், பிறகு 15. நெட்ஃபிளிக்ஸுக்கு அது பிடிக்கவில்லை. 2018 டிசம்பரில் புதிய வாடிக்கையாளர்கள் ஆப்பிள் வழியாகப் பணம் கட்டும் வழியை மூடிவிட்டது. ஆப் போனதா? இல்லை. "சேருங்கள்" என்கிற பட்டன்தான் போனது. வெளியே இணையதளத்தில் சேர்ந்துவிட்டு இங்கே வந்து லாகின் செய்தால் படம் ஓடும். ஐபோனில் ஸ்பாட்டிஃபைக்கும் இதே கதைதான். அந்த மோதல் ஐரோப்பாவில் 2024 மார்ச்சில் 180 கோடி யூரோ அபராதம் வரை போனது, அந்தக் காலம் முழுவதும் ஸ்பாட்டிஃபை பாடிக்கொண்டுதான் இருந்தது. ரோக்கு, ஃபயர் சண்டைகளில் ஆப் மறைகிறது. ஆப்பிள் சண்டையில் பணம் கட்டும் பட்டன் மறைகிறது. ஹாலில் உட்கார்ந்திருக்கிற எனக்கு இந்த வித்தியாசம் 100 டாலர் பெறும் என்று தோன்றியது.

விதிவிலக்கு இருக்கிறது, மறைக்கக் கூடாது. 2015-லிருந்து 2017 டிசம்பர் 6 வரை ஆப்பிள் டிவியில் பிரைம் வீடியோ கிடையாது. மேலே சொன்ன அமேசான் சண்டையின் மறுபக்கம் இது. திரைக்குப் பின்னால் நடந்த பேரம் 2020-ல் அமெரிக்கக் காங்கிரஸ் குழு வெளியிட்ட மின்னஞ்சல்களில் தெரிந்தது: 2016-லேயே அமேசானுக்கு 30-க்குப் பதிலாக 15 சதவீதம் என்று ஆப்பிள் பேசியிருக்கிறது. எல்லாருக்கும் ஒரே விதி என்று மேடையில் சொல்லிக்கொண்டே. அடுத்து 2020 ஆகஸ்ட்டில் ஃபோர்ட்நைட். தன் பணப்பட்டுவாடா வழியை உள்ளே வைத்ததற்காக ஐபோனிலிருந்து தூக்கப்பட்டு, அமெரிக்காவில் 2025 மே மாதம்தான் திரும்பியது. அது விளையாட்டு, டிவிப் பெட்டி விவகாரம் இல்லை என்று நான் என்னைத் தேற்றிக்கொள்கிறேன். கோபம் வந்தால் ஆப்பிளும் ஆப்பையே தூக்கும் என்பதற்கு அது சாட்சி என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.

சின்னக் குறைகளும் உண்டு. எல்லா ஆப்களிலும் பாதியில் விட்ட படங்களை ஒரே வரிசையில் காட்டும் வசதியில் நெட்ஃபிளிக்ஸ் சேருவதில்லை. அதுவும் ஒரு பழைய பிணக்கின் மிச்சம்தான், பார்க்கிறவர் யார் என்கிற தகவலை யார் வைத்துக்கொள்வது என்பது பற்றியது என்று என் ஊகம். மேல் வரிசையில் ஆப்பிள் தன் தொடர்களைப் பெரிதாகக் காட்டிக்கொள்கிறது. அந்த ஆப்பை இழுத்துக் கீழே போட்டால் அடங்கிவிடும். ரிமோட் ஒல்லி, சோபா இடுக்கில் விழுந்தால் தேடித்தான் எடுக்க வேண்டும்.

ஆயுள் கணக்கிலும் ஆப்பிள் பக்கம் கொஞ்சம் சாயலாம். 2015-ல் வந்த ஆப்பிள் டிவிக்கு 2025-ல் வந்த புதிய மென்பொருளும் ஏறுகிறது. 30 டாலர் ஸ்டிக்கை மூன்று வருடத்துக்கு ஒன்று மாற்றினால் பத்து வருடத்தில் கிட்டத்தட்ட அதே செலவுதான். என் பழைய பெட்டி ஒன்றில், கம்பெனி பெயர் வேண்டாம், ஒரு நாள் காலையில் "இந்தச் சாதனத்தில் இனி இயங்காது" என்று ஒரு ஆப் சொல்லிவிட்டது. நாலரை வருடப் பெட்டி. பிளாஸ்டிக்கில் ஒரு கீறல் இல்லை.

ஆப்பிள் பெட்டி வைத்திருப்பவர்கள் ஒன்று மட்டும் செய்யுங்கள்: சந்தாவை அதன் வழியாகக் கட்டாதீர்கள். யூடியூப் பிரீமியம் அமெரிக்காவில் நேரடியாகக் கட்டினால் 13.99 டாலர், ஐபோன் ஆப்புக்குள் கட்டினால் 18.99 என்று வைத்திருந்தார்கள். அந்த ஐந்து டாலர்தான் நான் மேலே சொன்ன கமிஷன் சண்டை, நம் பில்லுக்கு வந்து சேர்ந்த வடிவத்தில்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் ஏமாற்றினது போல ஆகும். எந்தப் பெட்டியும் காப்பாற்ற முடியாத சண்டை ஒன்று உண்டு. 2025 அக்டோபர் 30 ராத்திரி யூடியூப் டிவிக்கும் டிஸ்னிக்கும் ஒப்பந்தம் முறிந்து ஈஎஸ்பிஎன், ஏபிசி எல்லாம் போயின. நவம்பர் 14 வரை வரவில்லை. மாதம் 82.99 டாலர் கட்டுகிறவர்களுக்குச் சமாதானமாக 20 டாலர் கழிவு. இங்கே பெட்டி, ஆப் இரண்டும் நன்றாக ஓடின, உள்ளே சேனல்தான் இல்லை. ரோக்கு வைத்திருந்தவரும் ஆப்பிள் வைத்திருந்தவரும் ஒரே கறுப்புத் திரையைத்தான் பார்த்தார்கள். நான் 129 கொடுத்தது இந்தச் சண்டைக்கு மருந்தில்லை.

பழைய ஸ்டிக்கைத் தூக்கிப் போடவில்லை, மாடி அறை டிவியில் கிடக்கிறது. பெட்டிகள் சண்டை போட்டுக்கொள்ளும் உலகத்தில் வேறு கட்சிப் பெட்டி ஒன்று கையிருப்பில் இருப்பது நல்லது என்று ஒரு எண்ணம். மகன் அதில்தான் விளையாட்டு பார்க்கிறான். கையில் பணம் குறைவு, வீட்டில் மூன்று டிவி என்றால் நானும் ரோக்குதான் வாங்கியிருப்பேன். யூடியூபைத் தவிர வேறெதுவும் பார்க்காத வீடு என்றால் கூகுளை எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். ஃபயர் ஸ்டிக்கைச் சிபாரிசு செய்ய எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. அமேசான் பில்லிலேயே எல்லாம் வர வேண்டும் என்று நினைப்பவர்கள் மேலே 50 லட்சம் பேர் கதையை ஒருமுறை படித்துவிட்டு முடிவு செய்யட்டும்.

அம்மாவுக்குப் புதுக் கணக்கு சொல்லிக் கொடுக்க ஒரு மதியம் ஆயிற்று. ரிமோட்டின் வட்டத்தில் விரல் வழுக்கினாலே திரை நகர்ந்துவிடுவதால் முதலில் திணறினார். அமைப்புகளுக்குள் போய்த் தொடுவதை அணைத்து, அமுக்கினால் மட்டும் நகரும்படி மாற்றினேன். இப்போது வலது பக்கம் இரண்டு தட்டு, நடுவில் ஒரு அமுக்கு. போன வாரம் அப்டேட் ஏறிய மறுநாள் காலையில் நானே பதற்றத்தோடு ஹாலுக்குப் போனேன். அம்மா ஏற்கெனவே சீரியலில் இருந்தார். "ரெண்டு தட்டுதான்," என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.